கையடக்க கேம் கருவி தேடலாமா, கன்ட்ரோலர் போதுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடப் பழைய கையடக்க கேம் கருவி ஒன்று வைத்திருக்கிறீர்கள். பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அந்த மாதிரிச் சின்னக் கருவியே இல்லை, இருப்பதெல்லாம் சாப்பாட்டுத் தட்டு அகலம். "அதெல்லாம் போயிடுச்சு சார், ஃபோனுக்கு ஒரு கன்ட்ரோலர் வாங்கிக்கோங்க" என்கிறார் கடைக்காரர். பழைய 2டி கேம்கள், கால்பந்து, கார் ரேஸ் இவைதான் உங்களுக்குப் பிடித்தவை. வீட்டில் லேப்டாப் இருக்கிறது, தினமும் ஒரு மணி நேரம் பஸ் பயணம் இருக்கிறது, பட்ஜெட் நான்காயிரம். ஏன் இப்படி ஆனது, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. மீதியைச் சொல்ல, இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜப்பானின் கேம் நிறுவனமான நின்டெண்டோவில் குன்பெய் யோகோய் என்றொரு வடிவமைப்பாளர் இருந்தார். ஒருநாள் புல்லட் ரயிலில் போகும்போது, அலுவலகம் போகிற ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அமுக்கிக்கொண்டே வந்ததைப் பார்த்தாராம். அந்த ஆளுக்காக யோசித்ததில்தான் 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற குட்டிக் கையடக்கக் கருவி வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கால்குலேட்டரில் இருப்பது போன்ற சாதாரண எல்.சி.டி. திரைதான் அதிலும். விலை மலிந்துபோன பழைய சரக்கை எடுத்துப் புது வேலைக்குத் திருப்புவது யோகோயின் பாணி.

1989-இல் வந்த கேம் பாயும் அப்படித்தான். 160-க்கு 144 புள்ளி, பச்சை பூத்த நான்கு நிழல்கள், திரைக்குப் பின்னால் விளக்குகூடக் கிடையாது. அதே வருடம் அட்டாரி லிங்க்ஸும், அடுத்த வருடம் சேகாவின் கேம் கியரும் கலர் திரையோடு வந்து இறங்கின. கேம் கியர் ஆறு பென்சில் பேட்டரியைப் போட்டால் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தின்று முடித்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் பத்து மணி நேரம் தாண்டி ஓடும். ரயிலில் போகிறவனுக்கு எது வேண்டும்? கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது இதன் ஒன்றுவிட்ட தம்பி, '9999 இன் 1' என்று அட்டையில் போட்டிருந்த அந்த டெட்ரிஸ் டப்பா. உள்ளே இருந்தது என்னவோ ஏழெட்டு கேமும் அவற்றையே வேகம் மாற்றி மாற்றிப் போட்ட கணக்கும்தான். ஆனாலும் கோடை விடுமுறையில் அதற்கு வீட்டில் சண்டை நடக்கும்.

உச்சம் என்றால் 2004, 2005-இல் வந்த இரண்டு கருவிகள். நின்டெண்டோவின் இரட்டைத் திரை டி.எஸ். 15.4 கோடி விற்றது. சோனியின் பி.எஸ்.பி. ஏழு கோடியைத் தாண்டியது. அப்புறம் 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அடுத்த வருட டிசம்பரில் ஆங்கிரி பேர்ட்ஸ் வந்தது, விலை ஒரு டாலருக்கும் ஒரு சென்ட் குறைவு. டி.எஸ். கேம் ஒன்றின் விலை பெரும்பாலும் முப்பது டாலர் பக்கம்.

விலை வித்தியாசம்தான் கொன்றது என்று பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு இன்னொரு காரணம் பெரிதாகத் தெரிகிறது. கையடக்கக் கருவிக்கு இரண்டு கை வேண்டும், உட்கார இடமும் வேண்டும். ஃபோனில் ஓடிய புதிய கேம்களுக்கு ஒரு கட்டை விரல் போதும். ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஃபோனை நெட்டுவாக்கில் வைத்து டெம்பிள் ரன் ஆடலாம். யோகோய் பார்த்த அந்த ரயில் பயணியின் பத்து நிமிடம் இருக்கிறதே, அதைத்தான் ஃபோன் எடுத்துக்கொண்டது. ஃபோனில் கேம் சிறப்பாக இருந்தது என்று யாரும் மாறவில்லை. ஃபோன் ஏற்கெனவே கையில் இருந்தது, அவ்வளவுதான். இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தது நோக்கியா. 2003-இலேயே என்-கேஜ் என்று ஃபோனையும் கேம் கருவியையும் ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். கேம் கார்டை மாற்ற பேட்டரியைக் கழற்ற வேண்டும், பேசும்போது விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். யோசனை சரி, செய்த விதம் கோமாளித்தனம்.

பிறகு விழுந்த அடிகள் இரண்டு. 2011 தொடக்கத்தில் நின்டெண்டோ 3டி.எஸ். அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது. விற்கவில்லை. ஐந்தே மாதத்தில், ஆகஸ்டில், 170 டாலருக்கு இறக்கினார்கள். நிறுவனத் தலைவர் சட்டோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். விலை குறைந்ததும் பிழைத்து, கடைசியில் ஏழரைக் கோடி விற்றது. டி.எஸ். விற்றதில் பாதிதான் அது. அதே வருட டிசம்பரில் வந்த சோனி வீட்டா பிழைக்கவே இல்லை. அழகான ஓலெட் திரை, இரண்டு ஸ்டிக், எல்லாம் இருந்தது. ஆனால் அதற்கென்றே தனியாக ஒரு மெமரி கார்டு. 32 ஜி.பி. கார்டு அமெரிக்காவில் 100 டாலர் என்று வைத்தார்கள். வேறு கார்டு செருக முடியாது. வாங்கியவனையே அடிக்கிற மாதிரியான இந்த விலைக்கு ஒரு நியாயமும் எனக்கு இன்றுவரை புரியவில்லை. 2019-இல் வீட்டா தயாரிப்பு நின்றது. 2020-இல் 3டி.எஸ். நின்றது, 2023 மார்ச்சில் அதன் இணையக் கடையையும் மூடிவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. முன்பெல்லாம் டி.வி.க்கு ஒரு கேம், கைக்கு ஒரு கேம் என்று ஒரே நிறுவனம் இரண்டு கூட்டத்தை வைத்து இரண்டு விதமாகச் செய்யும். படத்தரம் ஏற ஏறச் செலவும் ஏறியது. இரண்டு சமையல் கட்டுப்படியாகவில்லை. நின்டெண்டோ இரண்டு அடுப்பையும் ஒன்றாக்கியதுதான் 2017-இன் ஸ்விட்ச். அதன் உள்ளே இருப்பது டாப்லெட்டுகளுக்காக என்விடியா செய்த டெக்ரா எக்ஸ்1 வகைச் சிப். டி.வி.யில் செருகினால் கன்சோல், எடுத்தால் கையில். 15 கோடிக்கு மேல் விற்றது. ஆகவே கையடக்க கேமிங் செத்துவிட்டது என்று சொல்வது தப்பு. செத்தது பாக்கெட்டில் அடங்கும் கருவி. கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி. 142 கிராம், மடித்துச் சட்டைப் பையில் போடலாம். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் 669 கிராம். உங்கள் கடையில் பார்த்த 'தட்டு' இந்த இனம்தான். அசுஸின் 'ராக் அலை' (ROG Ally) 2023-இல் இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு வந்தது. ஸ்டீம் டெக்கும் ஸ்விட்ச்சும் இங்கே அதிகாரபூர்வமாக விற்பதில்லை, பர்மா பஜார், ரிச்சி தெரு வழியாக வருவதுதான். வாரண்டி என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். உங்கள் நான்காயிரத்துக்கு இவை எதுவும் ஆகாது.

சரி, ஃபோன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டதா? திரையை எடுத்தது, பாக்கெட்டை எடுத்தது, அந்தப் பத்து நிமிடத்தை எடுத்தது. பொத்தானை மட்டும் எடுக்க முடியவில்லை. ஃபோன் கண்ணாடியில் கட்டை விரலுக்குக் கரை கிடையாது. மேட்ச் சூடாகும்போது விரல் தானாக அரை அங்குலம் நகர்ந்துபோய்விடும், பந்தை அடிக்கப் போனவர் வெறும் புல்லை அமுக்கிக்கொண்டிருப்பார். பொத்தான் இருந்தால் விரலுக்கே இடம் தெரியும், கண் திரையை விட்டு நகர வேண்டியதில்லை. ஆக, கன்ட்ரோலர் வாங்குவது என்றால் பழைய கையடக்கக் கருவியில் ஃபோனால் ஈடு செய்ய முடியாமல் போன பாதியை மட்டும் தனியாக வாங்குவது. அந்தப் பாதிக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். கலர் கலராக மின்னும் ஆர்.ஜி.பி. விளக்குக்கும், பின்னால் நான்கு கூடுதல் பட்டனுக்கும், டிராகன் படத்துக்கும் கொடுக்கக் கூடாது.

முதலில் ஸ்டிக், அதாவது கட்டை விரலால் எல்லாப் பக்கமும் சாய்க்கும் குட்டிக் குமிழ். கன்ட்ரோலர்கள் சாவது பெரும்பாலும் இதில்தான். விட்டுவிட்ட பிறகும் வீரர் தானாக நடந்துபோகிறார் என்றால் அதற்கு டிரிஃப்ட் என்று பேர். நான் பழுது பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவன், பத்திருபது ஸ்டிக்குகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பி இருக்கும். மூடியை நெம்பினால் உள்ளே குதிரை லாட வடிவில் கறுப்பாக ஒரு கார்பன் பாதை, அதன் மேல் உரசியபடி ஓடும் ஒரு பித்தளை நாக்கு. பழைய ரேடியோவில் வால்யூம் திருகினால் கரகரக்குமே, அதே சமாச்சாரம்தான். நாக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கு. ஸ்டிக் அதிக நேரம் நிற்பது நடுவில், அதிகம் உரசுவதும் நடுவைச் சுற்றி. அங்கே கார்பன் தேய்ந்து, கரிப்பொடி நாக்கில் அப்பியிருக்கும். நடு எது என்று கருவிக்கே குழம்பிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும், திரும்ப வரும். தேய்ந்த பாதை கழுவினால் வளராது.

இதில் பெரிய பெயர் சின்னப் பெயர் வித்தியாசம் இல்லை. ஸ்விட்ச்சின் இரண்டு பக்கமும் மாட்டும் ஜாய்-கான் கன்ட்ரோலர்களின் டிரிஃப்ட்டுக்காக அமெரிக்காவில் வழக்கே நடந்தது, 2020-இல் நின்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார். எக்ஸ்பாக்ஸின் சாதாரண கன்ட்ரோலரிலும் பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸிலும் இருப்பது இதே கார்பன் பாதைதான்.

மாற்று என்ன என்றால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக். எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விளைவு அது. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், பக்கத்தில் தொடாமல் ஒரு சென்சார். உரசல் இல்லை, ஆகவே தேய்மானம் இல்லை. இது புதிதுமில்லை, 1998-இல் சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் இதைத்தான் வைத்தது. நடுவில் எல்லாரும் மறந்துபோய், இப்போது சீன நிறுவனங்கள் கிளறி எடுத்திருக்கின்றன. குலிகிட், 8பிட்டூ, கேம்சர் இந்த மூன்றும் நல்ல பெயர்கள். டி.எம்.ஆர். என்று இன்னொன்று வருகிறது. அதுவும் காந்தம்தான், மின்சாரம் குறைவாக எடுக்கும். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். ஆனால் இங்கே ஒரு தில்லுமுல்லு உண்டு. அட்டையில் பெரிதாக 'ஹால் எஃபெக்ட்' என்று இருக்கும். பொடி எழுத்தில் பார்த்தால் ஆள்காட்டி விரலால் அமுக்கும் ட்ரிகருக்கு மட்டும் ஹால், ஸ்டிக் பழைய கார்பன். ஸ்டிக்குக்கு என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் ஹால் வகையிலும் ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் ஹாலும் காப்பாற்றாது. ஆனால் அதற்கு ரொம்ப வருடம் ஆகும்.

அடுத்தது டி-பேட், அந்தக் கூட்டல் குறி. இதுவும் யோகோய் கைவேலைதான், 1982-இல் டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச்சில் முதலில் வந்தது. நீங்கள் பழைய 2டி கேம் ஆடுகிறவர் என்பதால் ஸ்டிக்கைவிட இது உங்களுக்கு முக்கியம். விமர்சன வீடியோக்களில் இதற்கு அரை நிமிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள். சோதிக்க ஒரு சுலப வழி சொல்கிறேன். டெட்ரிஸ் போடுங்கள். மேல் பொத்தான் கட்டையைத் தொப்பென்று கீழே போடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இப்போது கட்டையை இடமும் வலமும் வேகமாக நகர்த்துங்கள். சாய்ந்த விரல் மேல் பக்கத்தையும் லேசாகத் தொட்டு, நகர வேண்டிய கட்டை அங்கேயே விழுந்தால் அந்த டி-பேட் குப்பை. எழுநூறு ரூபாய்க்கு ஊர் பேர் தெரியாத ஒன்றை வாங்கி நான் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை தோற்றேன், மூன்றும் என் தப்பு இல்லை.

கார் ரேஸுக்கு ட்ரிகர். ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதிக்கிற மாதிரி, ட்ரிகரைப் பாதி அமுக்கினால் பாதி வேகம் வர வேண்டும். இதற்கு அனலாக் ட்ரிகர் தேவை. ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் மற்றபடி அருமையான பொருள், ஆனால் அதன் ட்ரிகர் சாதாரண சுவிட்ச், உண்டு இல்லை இரண்டே நிலை. வளைவில் கார் சுவரில்தான் போய் நிற்கும். ஸ்விட்ச்சுக்கென்று செய்த மலிவு கன்ட்ரோலர்கள் பலவும் இந்த ரகம்தான்.

இணைப்பைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். லேப்டாப்புக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யு.எஸ்.பி. துளையில் செருகும் குட்டித் துண்டு) கூடவே வரும் கன்ட்ரோலராகப் பாருங்கள். புளூடூத்தைவிடத் தாமதம் குறைவு, திடீர் துண்டிப்பும் குறைவு. ஃபோனுக்கு புளூடூத் போதும். விண்டோஸ் கேம்கள் கன்ட்ரோலர் என்றாலே எக்ஸ்பாக்ஸ் வகை என்றுதான் எதிர்பார்க்கும், ஆகவே எக்ஸ்-இன்புட் என்ற முறை இருக்க வேண்டும். நின்டெண்டோ எழுத்து வரிசையில் ஏ வலப்பக்கம், எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே. இது தெரியாமல் வாங்கிவிட்டு 'ஓகே' கொடுக்கும் இடத்திலெல்லாம் 'கேன்சல்' கொடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டிக் இரண்டும் ஒரே வரிசையிலா, ஏற்ற இறக்கமாகவா என்பது கை வாகு, அதற்காகச் சண்டை போடுவது வீண்.

இப்போது பஸ். ஃபோனை நடுவில் கவ்விக்கொள்ளும் இழுவை வகை கன்ட்ரோலர்கள் இருக்கின்றன: பேக்போன், ரேசர் கிஷி, கேம்சர் ஜி8. டைப்-சி துளையில் நேராகச் செருகுவதால் தாமதம் தெரியாது, பழைய பி.எஸ்.பி. பிடித்த உணர்வு கிட்டத்தட்ட வந்துவிடும். உறையைக் கழற்றாமல் உங்கள் ஃபோன் உட்காருமா என்று மட்டும் முன்பே பாருங்கள். தினமும் உறையைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தால் இரண்டாவது வாரமே கன்ட்ரோலர் அலமாரிக்குப் போய்விடும். ஆனால் வாங்குமுன் ஒரு கேள்வி: நீங்கள் ஆடும் ஃபோன் கேம் கன்ட்ரோலரை ஏற்குமா? கால் ஆஃப் டியூட்டி மொபைல் ஏற்கும், கன்ட்ரோலர் பிடித்தவர்களைத் தங்களுக்குள்ளேயே மோதவிடும். பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) நேரடியாக ஏற்காது. இடையில் ஒரு ஆப்பை வைத்து ஏமாற்றினால் கணக்கையே முடக்கிவிடக்கூடும். பழைய 2டி கேம்களுக்கு எமுலேட்டர்களில், அதாவது பழைய கருவி போலவே நடிக்கும் ஆப்களில், பிரச்சினையே இல்லை, உங்களிடம் இருக்கும் கேம்களின் நகலை வைத்து ஆடுங்கள்.

அன்பர்னிக், மியூ மினி என்று உள்ளங்கை அளவு சீனக் கருவிகளும் வருகின்றன. பாக்கெட்டில் அடங்கும் அந்தப் பழைய இனம் இன்று ஓரளவு உயிரோடிருப்பது பெரும்பாலும் இங்கேதான். பழைய கேம்களுக்கு அருமை. ஆனால் இங்கே வந்து சேரும்போது விலை பெரும்பாலும் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும், கால்பந்தும் கார் ரேஸும் புதியவை என்றால் அதில் ஓடாது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இது. நான்காயிரத்தையும் ஒரே கன்ட்ரோலரில் போடுங்கள்: ஹால் ஸ்டிக், அனலாக் ட்ரிகர், டாங்கிளும் புளூடூத்தும் இரண்டும் உள்ளது. 8பிட்டூ அல்டிமேட் 2சி அல்லது கேம்சர் நோவா வரிசையில் பாருங்கள், விலை அந்தப் பக்கம்தான் வரும். வீட்டில் லேப்டாப்போடு ஆடுங்கள். பஸ்ஸில் தினமும் உட்கார இடம் கிடைக்கிறதென்றால் அடுத்த வருடம் இழுவை வகை ஒன்றைப் பார்க்கலாம். நின்றுகொண்டு போகிறவர் என்றால் எதுவும் வேண்டாம், இரண்டாவது கை கம்பிக்கு வேண்டும்.

வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் நாள் கடப்பதற்குள், பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் என்று தேடித் திறந்து ஸ்டிக்கை நான்கு பக்கமும் இழுத்துச் சட்டென்று விடுங்கள். எண் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் விட்டால் மட்டும் 0.1-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

கடைசியாக அந்தப் பழைய கருவி. உப்பிய பேட்டரியை அப்படியே விட்டு வைக்காதீர்கள், 'ஒரு தடவை பார்க்கலாம்' என்று சார்ஜிலும் போடாதீர்கள். மூடியைத் திறந்து, தானாக வந்தால் மட்டும் எடுங்கள். இறுகிக்கொண்டிருந்தால் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நெம்ப வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கருவியோடு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். எடுத்த பேட்டரி வீட்டுக் குப்பையில் போகக் கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மெமரி கார்டை முதலில் உருவி, அதில் இருக்கும் சேவ் கோப்புகளை லேப்டாப்பில் நகல் எடுத்துவிடுங்கள். பதினைந்து வருட ஆட்டம் அதில்தான் இருக்கிறது.